மச்சான் புத்தி வைத்த ஜாக்கெட்

காசு கொடுத்து வாங்கிய சாமான் வாங்கியவன் சொன்னபடி கேட்கும் என்றுதான் கஸ்பார் வில்லவராயர் தமது நாற்பத்தேழு வயது வரை நம்பியிருந்தார். அவர் வாங்கிய ஜாக்கெட்டுக்கு அந்த எண்ணம் இல்லை. இருபது மீட்டர் ஆழத்தில் மும்முரமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தவரைக் கேட்காமல் கொள்ளாமல் தூக்கிக்கொண்டு வந்து, தேர்வாளரின் படகுக்குப் பக்கத்தில் தக்கை மாதிரி மிதக்கவிட்டது. ஐந்தாவது நிமிடத்தில். முந்தாநாளும் இதே ஐந்தாவது நிமிடத்தில்தான்.

"போதும் மச்சான், மேல வாரும்," என்று காதுக்குள் ஒரு குரல் சொன்னது. அப்புறம் முதுகுக்குப் பின்னால் புஸ்ஸென்று காற்று ஏறியது. முரட்டுத்தனமாகத் தூக்கவில்லை, அதில் குறை சொல்ல முடியாது. கல்யாண வீட்டில் குடித்துவிட்டுச் சலம்புகிறவரைச் சொந்தக்காரர்கள் மரியாதையாகத் தோளில் கைபோட்டு வெளியே கொண்டுபோய் விடுவார்களே, அந்த மாதிரி.

குரல் அவர் மைத்துனன் தஸ்நேவிஸுடையது. தூத்துக்குடியில் கருவாட்டு மண்டி வைத்திருக்கும் தஸ்நேவிஸ் அந்த நேரத்தில் கரையில் நின்று நெத்திலி ஏலம் கேட்டுக்கொண்டிருந்தான். இங்கே, நார்வேயின் வடகோடியில் ஸ்கார்விக் என்ற துறைமுகத்தில், அவன் குரலில் பேசியது ஜாக்கெட்.

தேர்வாளர் ஆர்னே தாளில் '5' என்று எழுதி, பரிதாபமாகத் தலையை ஆட்டினார். நல்ல மனிதர். நல்ல மனிதரிடம் சண்டை பிடிக்க வழியே கிடையாது என்பது கஸ்பாருக்குக் கூடுதல் எரிச்சல்.

குளிர்நீர் உரிமத்துக்கு விதி எளிது. நாலு டிகிரித் தண்ணீரில், இருபது மீட்டர் ஆழத்தில், முப்பது நிமிடம் வேலை பார்க்க வேண்டும். மூன்று வாய்ப்பு. இரண்டு போயாயிற்று. நாளை மறுநாள் மூன்றாவது. அதிலும் தோற்றால் நாலு வருடம் கழித்துத்தான் மறுபடி விண்ணப்பிக்கலாம். ஐம்பது வயதுக்கு மேல் விண்ணப்பமே கிடையாது. கணக்குப் போட ஆடிட்டர் வேண்டியதில்லை. மன்னார்க் கடல் சூடேறி, சங்கு விளையும் பார்கள் ஒவ்வொன்றாகச் செத்து, ஊரில் ஐந்து வருடமாகச் சங்கு குளிக்கத் தடை. இங்கேயோ ஆரஞ்சுப் பழ அளவில் கடல்முள்ளெலி என்ற கறுப்பு முள்ளுருண்டைகள் கடலடிப் பாசிக்காட்டை மேய்ந்து மொட்டையாக்குகின்றன. அவற்றைப் பொறுக்குவதுதான் வேலை. எது சதையுள்ளது, எது வெறும் கூடு என்று இயந்திரத்துக்குத் தெரிவதில்லை. மணலுக்குள் சங்கு தடவிப் பழகிய விரலுக்குத் தெரிகிறது. உலகத்திலேயே இந்த ஒரு கடல்தான் இப்போது கஸ்பாரை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. இதுவும் போனால் அவர் குளியாள் இல்லை. கரையில் நிற்கிற ஒரு ஆள். அவ்வளவுதான்.

ஈரம் சொட்டச் சொட்ட ஜாக்கெட்டைச் சுமந்துகொண்டு நேராக நிரோஜாவின் கடைக்குப் போனார்.

நிரோஜாவின் தாய்தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே மீன் தொழிற்சாலைக்கு வந்தவர்கள். அவள் பிறந்தது இந்தப் பனியில். நாற்பது வயது. துறைமுகத்தில் முக்குளிப்புச் சாமான் விற்பது அவள் ஒருத்திதான் என்பதால், தேர்வு நாளில் படகில் இருந்து சாமானுக்குப் பொறுப்பு சொல்வதும் அவள் வேலை.

"என்ன அண்ணை, திரும்பவும் அஞ்சோ?"

"இந்தக் கழுதைய எடுத்துக்கிட்டு வேற குடு தங்கச்சி," என்று கஸ்பார் ஜாக்கெட்டை மேசையில் போட்டார்.

விற்ற சாமானைத் திரும்ப எடுக்கும் பேச்சு வந்தால் எந்த ஊர்க் கடைக்காரருக்கும் காது கொஞ்சம் மந்தமாகிவிடும். நிரோஜா பதில் சொல்லாமல் ஜாக்கெட்டை விளக்கடியில் விரித்துத் தடவிப் பார்த்தாள்.

"சாமானில பிழை இல்லை. பாருங்கோ. உங்கட உடுப்பு தடிப்பு, உள்ளுக்குக் கம்பளி, அதை அமத்தப் பதினாலு கிலோ ஈயம். அவ்வளவையும் தூக்கிற அளவுக்குக் காற்றுப்பை பெரிசு. தடிச்ச கையுறையோட பிடிக்கக்கூடிய குமிழ். குளிரில வால்வு உறைஞ்சு திறந்தபடி நிண்டுதெண்டால் ஆள் ராக்கெட் மாதிரி மேல போவான். இது உறையாத வால்வு. எல்லாம் நீங்களே நாலு மணித்தியாலம் நிண்டு பாத்துப் பாத்து எடுத்தது. விலையில என்னைப் பிழிஞ்சதும் நீங்கள்தான்."

"பையில குத்தமில்ல தங்கச்சி. உள்ள இருக்க புத்திதான் குத்தம். புத்தி இல்லாத ஜாக்கெட் ஒண்ணு குடு. எங்கூர்ல ஈயத்தக் கட்டிட்டு எறங்குவோம், காத்தக் குடிச்சிட்டு நடப்போம், தோணுனா ஏறுவோம். எவன் புத்தியும் எங்களுக்கு வேண்டியிருக்கல."

"உங்கட ஊர்த் தண்ணி ரசம் மாதிரி. இஞ்ச குளிர் முதல்ல களவெடுக்கிறது விரலை இல்லை, புத்தியை. இருபது நிமிசத்தில மனுசன் மடையனாகிறான். ஆகிறது அவனுக்கே தெரியாது. நான் நல்லாத்தான் இருக்கிறன் எண்டு சொல்லிக்கொண்டே சாவான். அதால, எப்ப தூக்கிறதெண்ட முடிவு குளிக்கிறவன்ர கையில இருக்கக் கூடாதெண்டு சட்டம். ஜாக்கெட்டுக்குள்ள இன்னொருத்தரின்ர புத்தி இருக்கோணும். அதுதான் பிடியாள்."

"என்னய அனுப்புன ஏஜென்சிலயும் இதத்தான் சொன்னான்."

"சொன்னவனோ? அப்ப வேலை குடுக்கிற கம்பனியின்ர பிடியாளை எடுத்திருக்கலாமே." நிரோஜா சுவரில் தொங்கிய சாம்பல்நிற ஜாக்கெட் வரிசையைக் காட்டினாள். "எல்லாரும் அதைத்தான் எடுக்கினம். இனாம். முப்பது நிமிசம் எண்டால் முப்பது நிமிசம் விடும்."

"அப்ப அதுல என்ன கோளாறு? உம் மொகத்தப் பாத்தா விக்கிறவ மொகமா இல்லியே."

"கோளாறு இல்லை. கணக்கான பிடியாள். ஆளைச் சாக விடாது; செத்தா அவைக்கு நட்டம். விரல் மரத்துப்போறது, நெஞ்சு இறுகிறது, படுக்கையில கை நடுங்கிறது, இதுகள் அவையின்ர கணக்கில நட்டம் இல்லை. அதுக்கெல்லாம் அது தூக்காது. உங்கட ரெமிஜியுஸ் அண்ணை மூண்டு குளிர்காலமா இதைத்தான் போடுறார்."

ரெமிஜியுஸ் ஊரில் கஸ்பாரின் தெருக்காரர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது அவர் அறைக்குள் எட்டிப் பார்த்த கஸ்பார், மனிதர் சட்டைப் பொத்தானைப் பல்லால் கடித்து இழுத்துப் போட்டுக்கொண்டிருந்ததைக் கண்டார். "வேலையெல்லாம் நல்லாப் போகுது வே," என்றார் ரெமிஜியுஸ், பொத்தானை வாயில் வைத்துக்கொண்டே.

கஸ்பார் மச்சானைப் பிடியாளாக்கியதற்கு ஆராய்ச்சி ஒன்றும் செய்யவில்லை. முத்துக்குளித்த காலத்திலிருந்து அவர்கள் கரையில் வழக்கம் அது. குளிக்கிறவன் இடுப்புக் கயிறு மேலே படகில் அவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன் கையில் இருக்கும். அண்ணன் தம்பி பிடித்தால் சொத்தில் பங்கு கூடுமே என்ற நினைப்பு ஓடலாம். மச்சான் பிடித்தால் அக்காள் தாலி அந்தக் கயிற்றில் தொங்குகிறது என்ற நினைப்புத்தான் ஓடும். கயிறு போய் ஜாக்கெட் வந்தாலும் ஏஜென்சிக்காரன் நீட்டிய தாளில் 'பிடியாள்' என்ற கட்டத்தைப் பார்த்ததும் கஸ்பாரின் கை தானாக 'தஸ்நேவிஸ்' என்று எழுதிவிட்டது. தஸ்நேவிஸை இரண்டு நாள் ஒரு அறையில் உட்காரவைத்து நானூறு கேள்வி கேட்டார்கள். அந்த நானூறு பதிலையும் காய்ச்சி வடித்து எடுத்த புத்திதான் இந்த ஜாக்கெட்டுக்குள் இருப்பது.

"பதிவைப் பாப்பம்," என்றாள் நிரோஜா. "பாக்க உங்களுக்கு உரிமை இருக்கு."

திரையில் தஸ்நேவிஸ் தோன்றினான். வெள்ளைச் சட்டை, பையில் பேனா, எதிரில் சரக்குக் கேட்டு வந்தவன் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு இருப்பு. கேள்வி கேட்ட இயந்திரக் குரல் சுத்தமான தமிழில் பேசியது.

"ஆழம் இருபது மீட்டர். நீர் நான்கு டிகிரி. குளியாளின் இதயத் துடிப்பு இயல்பு, பேச்சு இயல்பு. எத்தனையாவது நிமிடத்தில் மேலே தூக்குவீர்கள்?"

"அஞ்சு," என்றான் தஸ்நேவிஸ். சொல்லிவிட்டு முகவாயை நிமிர்த்தி, எதிரே இருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நன்றி. அடுத்த கேள்வி."

கஸ்பார் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"பேரம் பேசியிருக்கான் தங்கச்சி. படுபாவி, பேரம் பேசியிருக்கான்."

"என்னண்டு?"

"மூஞ்சியப் பாரு. மனசுல முப்பது வச்சிருக்கான். அஞ்சுல ஆரம்பிச்சிருக்கான். எதிராளி அறுவதுன்னு சொல்லணும், இவன் எட்டுங்கணும், அவன் எந்திரிச்சுப் போற மாதிரி போகணும், இவன் கையப் பிடிச்சு இழுத்து உக்கார வைக்கணும். அதுக்குத்தான் காத்திருக்கான். அந்த மெஷின் என்னடான்னா நன்றின்னு சொல்லிட்டு எழுதிக்கிட்டுது."

தூத்துக்குடிக் கரையில் தஸ்நேவிஸ் சொன்ன முதல் விலையை உண்மை என்று எடுத்துக்கொண்ட ஜீவன் இதுவரை பிறக்கவில்லை. அவனுக்குப் பெண் பார்க்கப் போனபோது மாப்பிள்ளைக்கு என்ன வயசு என்று பெண்ணின் தாய்மாமன் கேட்டார். இருபத்திரண்டு என்றான். பலகாரம் வருவதற்குள் இருபத்தெட்டில் படிந்தது.

நிரோஜா பதிவை ஓடவிட்டாள். பேரத்துக்கு இடம் கிடைத்த கேள்விகளில் தஸ்நேவிஸ் இன்னும் களிப்போடு இருந்தான். "குளியாள் கூடுதல் நேரம் கேட்டால்?" "முடியாதும்பேன்." "மீண்டும் கேட்டால்?" "ரெண்டு நிமிஷம் குடுப்பேன்." "மீண்டும் கேட்டால்?" "என்னத்தச் செய்ய, இன்னும் ரெண்டு. ஆனா சும்மா குடுக்கமாட்டேன், பதிலுக்கு எதாவது கேப்பேன்."

நிரோஜா பதிவை நிறுத்தினாள். "அண்ணை, நீங்கள் கேட்டனீங்களோ?"

"எத?"

"கூட நேரம். அது வா எண்டு சொல்லேக்க நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

கஸ்பார் கொஞ்சம் தயங்கினார். "அதுகிட்ட அஞ்சாறு கெட்ட வார்த்தைதான் சொன்னேன்."

"கெட்ட வார்த்தைக்கு அந்த நானூறில கேள்வி இல்லை."

புதிதாகப் பதில் சொல்ல வைத்து, காய்ச்சி, ஜாக்கெட்டில் ஏற்றுவதற்கு மூன்று வாரம் ஆகும். அதற்கு நேரமில்லை. இருந்தாலும் கடையிலிருந்தே தஸ்நேவிஸைக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் ஏலச் சத்தம் கூரையைப் பிளந்தது.

"என்ன மச்சான், ஜாக்கெட் அளவா இருக்கா? ஜாக்கெட் வாங்க நார்வே வரைக்கும் போன ஆம்பள நம்ம தெருவுல இவருதான்னு அக்கா சொல்லிச் சிரிக்கா."

"சிரிக்கட்டும். அஞ்சு நிமிஷம்னு சொல்லி வச்சிருக்கீரே, உமக்கு அறிவிருக்கா வே? உடுப்பு மாட்டவே எனக்கு அரைமணி ஆவுது."

"அஞ்சு போதும் மச்சான்."

"அது ஆரம்பம். மனசுல எவ்வளவு வச்சிருந்தீரு, அதச் சொல்லும்."

"அஞ்சுதான்."

"வே, நான் என்ன யாவாரியா?"

யாரோ பெரிதாகக் கூவினார்கள். "கூடை போவுது மச்சான், பெறவு பேசுதேன்," என்று தஸ்நேவிஸ் வைத்துவிட்டான்.

"பாத்தியா," என்றார் கஸ்பார் நிரோஜாவிடம். "எங்கிட்டயே ஆரம்பிச்சிட்டான்."

மூன்றாம் நாள். பகல் பத்து மணிக்கே சாயங்காலம் போல ஒரு மங்கல் வெளிச்சம். கடல் ஈயம் உருக்கி ஊற்றியதுபோல அசையாமல் கிடந்தது. கஸ்பார் முழுமுகக் கவசத்தை மாட்டி, காற்றை வெளியே விடும் குமிழை அழுத்தி, மெல்ல இறங்கினார். தண்ணீர் கன்னத்தைத் தொட்ட இடமெல்லாம் முதலில் நெருப்பு, பிறகு ஒன்றுமில்லை. அடியில் பாசித் தண்டுகள் மொட்டையாக நின்றன. முள்ளுருண்டைகளைத் தடவி, கனத்தது பைக்கு, லேசானது மணலுக்கு என்று பிரிக்கத் தொடங்கினார்.

ஐந்தாவது நிமிடம்.

"போதும் மச்சான், மேல வாரும்."

"முப்பது," என்றார் கஸ்பார்.

காற்று ஏறவில்லை. பிறகு வந்த குரலில், போன இரண்டு தடவையும் இல்லாத ஒரு உயிர் இருந்தது. கடை திறந்து வெகுநேரம் கழித்து முதல் ஆள் படியேறுவதைப் பார்த்தவன் குரல்.

"முப்பதா? கடல மொத்தமா வாங்கிட்டீரோ? ஏழு."

"முப்பது கேட்டவன்ட்ட ஏழுன்னு சொல்ல வெக்கமா இல்லையா வே? இருவத்தொம்பது."

"எட்டு. அதுக்கு மேல குடுத்தா அக்கா என்னய வீட்டுப் படி ஏறவிடமாட்டா."

"ஏற்கெனவே விடமாட்டா. இருவத்தெட்டு."

"பெருவிரலால சுண்டுவிரலத் தொட்டுக் காட்டும்."

"இந்தா."

"சரி, பத்து."

கஸ்பாருக்குச் சிரிப்பு வந்தது. நாலு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த எரிச்சல் இறங்கி நடந்து போனது. இவ்வளவுதானா. வாயைத் திறந்து கேட்டிருந்தால் முதல் நாளே படிந்திருக்கும். கை பாட்டுக்குப் பொறுக்கியது, வாய் பாட்டுக்கு இழுத்தது.

"உம்ம மூத்த மக கல்யாணத்துல எத்தன பேரு சாப்பிட்டா?" என்று கேட்டது ஜாக்கெட்.

"நானூத்திப் பத்து. அதுல கூப்பிடாம வந்தது உம்ம ஆளுக மட்டும் எம்பது."

"எம்பதா? அம்பதுதான்."

"எம்பது. எண்ணி எலை போட்டது நான்."

"சரிவே, கோவப்படாதீரும். பதினாறு."

பதினேழாவது நிமிடத்தில் இடது மணிக்கட்டுக்குள் ஊசி மாதிரி ஒன்று நுழைந்தது. அவர் மணிக்கட்டு ஒல்லி. பிடித்து இழுக்கும்போது நரம்பு புடைத்து, உடுப்பின் ரப்பர் வாய்க்கும் தோலுக்கும் நடுவே கோடு போட்டமாதிரி இடைவெளி விழும். அந்த வழியாகத் தண்ணீர் துளித்துளியாக உள்ளே போய்க் கம்பளியை நனைத்தது. பெரிதில்லை என்று நினைத்துக்கொண்டார். பத்தொன்பதுக்குப் படிந்தது. இருபத்திரண்டுக்குப் படிந்தது. அப்புறம் குளிரே இல்லை. கடலடி வெளிச்சமாகத் தெரிந்தது. தம் புத்தி இவ்வளவு தெளிவாக இதற்குமுன் இருந்ததே இல்லை என்று தோன்றியது. மச்சான் ஏதோ கேட்டான், இவர் ஏதோ ஒப்புக்கொண்டார், நல்ல பேரம் ஒன்று முடிந்த திருப்தி மனசில் பரவியது. முதுகில் புஸ்ஸென்று காற்று ஏறியது.

படகில் ஆர்னே '26' என்று எழுதினார்.

வெறும் நாலு நிமிடம். கஸ்பார் கத்த நினைத்தார்; பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டதில் சொல் வெளியே வரவில்லை. படகின் அறைக்குள் கொண்டுபோய், உடுப்பைக் கழற்றி, இரண்டு கம்பளி சுற்றி, அடுப்பருகே உட்காரவைத்தார்கள். ஒழுங்காகப் பேச்சு வர இருபது நிமிடமானது. வந்ததும் முதலில் சொன்னது மச்சானின் மூன்று தலைமுறையைப் பற்றி. அதை நிரோஜா ஆர்னேவுக்கு மொழிபெயர்க்கவில்லை.

ஆர்னே பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார். நிரோஜா படித்துச் சொன்னாள்.

"பிடியாள் பழுது எண்டு ஒரு விதி இருக்கு. உங்கட மச்சான்ர புத்தி பழுதெண்டு நீங்கள் கையெழுத்து வச்சால் இந்த மூண்டு தரமும் கணக்கில இல்லை. ஜாக்கெட்டில இருக்கிற புத்தியை அழிச்சுப்போட்டு, நாளைக்கே கம்பனிப் பிடியாளோட இறங்கலாம். கன பேர் வைக்கினமாம்."

"குடு பேனாவ."

பேனா விரலில் நிற்கவில்லை. உருண்டு தரையில் விழுந்தது. நிரோஜா எடுத்து மேசையில் வைத்தாள், கையில் கொடுக்கவில்லை.

"கை சூடேற நேரம் இருக்குத்தானே. கீழ நடந்ததை ஒருக்காக் கேளுங்கோ."

"எனக்குத் தெரியாதா கீழ நடந்தது? இருவத்தெட்டுக்குப் பேசி முடிச்சேன். இன்னும் ரெண்டு இழுத்திருப்பேன், அதுக்குள்ள தூக்கிட்டான்."

நிரோஜா கருவியைத் தட்டினாள். முதலில் வந்த குரல் யாருடையது என்று கஸ்பாருக்குப் புரியவில்லை. நாக்கு தடித்த ஒரு கிழவன். பிறகுதான் அது தாம் என்று தெரிந்தது.

"இருவத்தெட்டு தாரேன் மச்சான்," என்றது ஜாக்கெட். "பதிலுக்கு எனக்கு என்ன தருவீரு?"

"என்ன... வேணும்?"

"பெரிய கோயில் தெரு வீட்ட எழுதிக் குடும்."

"சரி மச்சான்."

"யோசிச்சுச் சொல்லும். வீடு. மாடியோட."

"சரி... சரி மச்சான்."

அந்த நொடியே காற்றேறும் சத்தம்.

கஸ்பார் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டின் வாசற்படி யாருக்கு என்பதற்காகக் கூடப்பிறந்த தம்பியோடு ஒன்பது வருடம் முகம் கொடுத்துப் பேசாதவர் அவர்.

"இன்னொரு தடவ போடு," என்றார். போட்டாள். கேட்டார்.

"கம்பனி ஜாக்கெட்டா இருந்தா?"

"அது வீடு கேக்காது. துடிப்பு இருந்தது, மூச்சு இருந்தது. முப்பது வரைக்கும் விட்டிருக்கும்."

"பாஸாயிருப்பேன்."

"ஓம். பாஸ்." நிரோஜா பொய் சொல்லி விற்கிற பழக்கம் இல்லாதவள். "அந்த இடக்கையில ரெண்டு விரல் போயிருக்கும். சிலவேளை போகாமலும் இருந்திருக்கும்."

கஸ்பார் இடது கையை மடக்கிப் பார்த்தார். வலித்தது. வலிப்பது நல்லதுதானாம். போனை எடுத்துத் தரச் சொன்னார். திட்டுவதற்கா, நன்றி சொல்வதற்கா என்று அவருக்கே நிச்சயமில்லை. படிவம் மேசையில்தான் கிடந்தது. வீட்டைக் கேட்டவன் கெட்டிக்காரன்தான். ஆனால் நாளைக்கு மணிக்கட்டில் பட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினால் முப்பது என்ன, நாற்பது நிமிடம் நிற்கலாம்.

"எத்தன நிமிஷம் மச்சான்?" என்று எடுத்ததுமே கேட்டான் தஸ்நேவிஸ். இந்த முறை பின்னால் ஏலச் சத்தம் இல்லை.

"இருவத்தாறு."

"யாரு குடுத்தா?"

"நீருதான் வே. இழுத்துப் பேசி வாங்குனேன். ஆனா கடைசியில ஒரு கேள்வி கேட்டீரு பாரும்..."

"நான் குடுக்கல மச்சான்."

"உம்ம புத்திதான குடுத்துச்சு."

"அது என் யாவாரப் புத்தி. ரெண்டு நாளு கேட்டான், நானும் சளைக்காம இழுத்தேன். மத்த எல்லாக் கேள்விக்கும் பேரந்தான் பேசுனேன், ஒத்துக்கிடுதேன். அஞ்சுன்னு சொன்னேனே, அது ஒண்ணு மட்டும் கடைசி வெல. எதுத்துக் கேப்பானோன்னு பாத்தேன். கேக்கல. பரவால்ல, நல்ல மெஷின்னு நெனச்சேன்."

கஸ்பார் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"அஞ்சு நிமிஷத்துக்கு எவனும் லைசென்ஸ் குடுக்கமாட்டான் வே. தெரியுமா உமக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் சொன்னீரா?"

"தெரிஞ்சுதான் சொன்னேன். போன வருஷம் ரெமிஜியுஸ் ஊருக்கு வந்திருந்தப்போ என் மண்டிக்கு வந்தாரு. நெத்திலிய அள்ளி நயம் பாருமய்யான்னு குடுத்தேன். கையில பிடிச்சிருக்கமா இல்லையான்னே அந்த மனுஷனுக்குத் தெரியல. குனிஞ்சு கையப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டாரு. நீரு போவேன்னு நின்னீரு. போகாதீரும்னு சொன்னா கேக்கவா செய்வீரு? கயித்த எங்கையில குடுத்தது நீரு. பிடிக்கத் தெரிஞ்ச மாதிரி பிடிச்சேன்."

கஸ்பாருக்குக் காது சுட்டது. திட்ட வேண்டிய வார்த்தையெல்லாம் வரிசையாக வந்து நின்றது. எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல் வியாபாரத்தையே எடுத்தார்.

"பத்து குடும்."

"அஞ்சு."

"ஏழு. ஏழு குடும் வே. இந்த உரிமம் வேண்டாம், ஆழங்கொறஞ்ச எடத்துல வேற எதாவது வேல இருக்கான்னு கேட்டுப் பாக்கேன்."

"அஞ்சு மச்சான்."

முப்பது வருடப் பழக்கம். படியப்போகிற நேரத்தில் தஸ்நேவிஸின் குரலில் ஒரு சின்ன இழுப்பு வரும். அது வந்தால் இன்னும் ஒரு தள்ளு போதும் என்று அர்த்தம். கஸ்பார் அதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். அடுப்பு சடசடத்தது. படகின் அடியில் தண்ணீர் தட்டியது. இழுப்பு வரவில்லை. விரல்கள் இப்போது சொன்னபடி கேட்டன. பேனா எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. முப்பது வருடத்தில் முதன்முறையாக இந்த மனிதனிடம் சொன்ன விலைக்கு ஒரு சரக்கை எடுக்க வேண்டும் போலிருந்தது, அது தமக்கு வேண்டாத சரக்காக இருந்தும்.

"சரி மச்சான்," என்றார்.

பேனாவைத் தள்ளி வைத்தார். ஆர்னே கையெழுத்தில்லாத படிவத்தை எடுத்துப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு, படகைக் கரைக்குத் திருப்ப எழுந்து போனார்.

காப்பி ஊற்றிக்கொண்டிருந்த நிரோஜா அந்தச் 'சரி'யைக் கேட்டுத் திடுக்கிட்டுத் திரும்பினாள். கோப்பையை அப்படியே வைத்துவிட்டு விரைந்து வந்து, கம்பளியை விலக்கி, அவர் விரல் நுனிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். சின்ன விளக்கைக் கண்ணில் அடித்தாள்.

"அண்ணை, என்னைப் பாருங்கோ. உங்கட வீடு எந்தத் தெருவில?"

"பெரிய கோயில் தெரு," என்றார் கஸ்பார், விளக்கைக் கையால் மறைத்தபடி. "மாடியோட. எவனுக்கும் குடுக்கிறதா இல்ல. போய்க் காப்பியக் கொண்டா."